லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன பிறகும் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்?

“மூணு மாசம்தானே, யாரு பார்க்கப் போறா?” லைசென்ஸ் முடக்கப்பட்ட பலர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. ஸ்ரீரங்கத்தில் வீடு, கன்டோன்மென்ட்டில் வேலை என்றால் தினமும் இரண்டு முறை காவிரிப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். பஸ் இருக்கிறது. ஆனாலும் கை பைக் சாவியைத்தான் தேடும். முன்பு அட்டையைக் காட்டித் தப்பித்துவிடலாம். இப்போது லைசென்ஸ் எண்ணைத் தட்டினால், அது நடப்பில் இருக்கிறதா இல்லையா என்று ‘சாரதி’ தரவுத்தளமே சொல்லிவிடும்.

அபராதம் இரு மடங்கு

லைசென்ஸே எடுக்காமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 181-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் முடக்கப்பட்ட பிறகு ஓட்டினால் 182-வது பிரிவின்படி 10,000 ரூபாய். இரண்டிலுமே மூன்று மாதம் வரை சிறை, அல்லது சிறை, அபராதம் இரண்டும் சேர்த்தே விதிக்க இடம் உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் அபராதம் வெறும் 500 ரூபாய்தான். லைசென்ஸ் எடுக்காதவர் விதியை மீறுகிறார். சஸ்பெண்ட் ஆனவரோ தன் பெயருக்கே வந்த உத்தரவை மீறுகிறார். வித்தியாசம் அதுதான். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் 180-வது பிரிவில் சிக்குவார். “மச்சான், வண்டியைக் கொஞ்சம் குடுடா” என்று கேட்பவருக்கு இது தெரிந்திருப்பதில்லை.

போலீஸ் வாங்கினாலே சஸ்பெண்டா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். போதையில் ஓட்டுதல், அதிவேகம், ஹெல்மெட் போடாதது போன்றவற்றுக்கு போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். ஆனால் முடக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கும் நீதிமன்றத்துக்கும்தான். கல்கத்தா உயர் நீதிமன்றமும் 2022-ல் இதையே சொன்னது. லைசென்ஸை வாங்கும் போலீஸ் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஆனால் இப்படி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவதற்காக வாங்கியிருந்தால், லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது என்கிறது 206-வது பிரிவு. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்காமல் வருவதுதான் முதல் தவறு.

ஆர்.டி.ஓ.வும் எடுத்த எடுப்பில் முடக்கிவிட முடியாது. 19-வது பிரிவின்படி உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விபத்து வழக்குப் பதிவானதாலேயே ஓட்டுநர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று கூறி, இப்படியான உத்தரவுகளை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு. திருச்சிக்காரர்கள் இதற்குப் போக வேண்டியது மதுரைக் கிளைக்கு.

சிக்கல், நோட்டீஸ் எங்கே போகிறது என்பதில். டிஎன் 45, 48, 81 எதுவானாலும் லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் தபால் போகும். மகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பான், ஸ்ரீரங்கத்தில் அம்மா “ஏதோ கவர்மென்ட் தபால்னு பீரோல வச்சிருக்கேன்பா” என்பார். விசாரணைத் தேதி முடிந்திருக்கும், உத்தரவும் வந்திருக்கும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதைத் தாக்கல் செய்துவிட்டதாலேயே வண்டி ஓட்டலாம் என்றாகிவிடாது. தடையுத்தரவு கிடைக்க வேண்டும்.

182-வது பிரிவில் வழக்கு வந்துவிட்டால், பணத்தைக் கட்டி முடித்துவிடும் அவசரத்துக்கு முன் உத்தரவின் நகலை வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை முடக்கம், எந்த வகை வாகனத்துக்கு, உத்தரவு உங்கள் கைக்கு எப்போது வந்தது, வண்டி ஓட்டியது என்றைக்கு? வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். உத்தரவு வந்து சேரவே இல்லை என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம்; சாலையில் போலீஸிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. வேறு ஊரில் தகவலை மறைத்துப் புது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதும் இதே பிரிவில் குற்றம்.

10,000 ரூபாய் சின்னத் தொகை

விபத்து நடந்தால்தான் உண்மையான செலவு. லைசென்ஸ் முடக்கப்பட்டவர் ஓட்டுவது இன்சூரன்ஸ் நிபந்தனை மீறல். உங்கள் வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு அதை வாகன உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் 2004-ல் ஒரு முக்கியத் தீர்ப்பில் விளக்கிய வழி. உயிரிழப்பு என்றால் அந்தத் தொகை பல லட்சங்களில் இருக்கும். அப்பா பெயரில் உள்ள வண்டி என்றால் வசூல் அப்பாவிடம்தான்.

நீண்டகாலத் தடைக்கு ஒரு வழி இருக்கிறது. 2023 அக்டோபரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் லைசென்ஸை காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகம் 10 ஆண்டுகளுக்கு முடக்கியது நினைவிருக்கும். 23-வது பிரிவின்படி, உத்தரவு வந்து ஆறு மாதம் கழித்து அதை நீக்கக் கோரி, உத்தரவிட்ட அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ விண்ணப்பிக்கலாம். மூன்று மாதத் தடைக்கு இது உதவாது.

அந்த மூன்று மாதம் முடிந்த மறுநாளே சாவியை எடுத்துவிடவும் வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்கிறது 2019 திருத்தம். எந்த மையம், என்ன சான்றிதழ் என்பதைத் தடைக்காலம் முடியும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.