ஒரே மொழிக்கு இருவேறு மதிப்பா?

ஐக்கிய அமெரிக்காவின் இடைநிலைப் பாடசாலைகளில், அதாவது 11 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பெரும்பாலும் பயிலும் 6ஆம், 7ஆம், 8ஆம் வகுப்புகளில், ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கற்பிக்கப்படும் மொழி ஸ்பானிய மொழியாகும். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளையொன்று அம்மொழியில் நான்கு வாக்கியங்களைப் பிழையின்றிப் பேசிவிட்டால் பெற்றோர் பூரிப்படைகின்றனர். ஆனால், தாயின் மடியிலேயே அம்மொழியைக் கற்றுவந்த பிள்ளைக்கு அதே பாடசாலையில் அது ஒரு குறைபாடாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளது. ஒரே கூரையின் கீழ் ஒரே மொழிக்கு இருவேறு மதிப்பு வழங்கப்படும் இந்த முரண்பாடே நாம் இங்கு ஆராய முற்படும் விடயமாகும்.

அமெரிக்காவுக்கு ஸ்பானிய மொழி நேற்று வந்த விருந்தாளி அல்ல. மெக்சிகோவுடனான போரின் முடிவில் 1848ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் மூலமே கலிபோர்னியா அமெரிக்காவின் வசமானது. 1849இல் இயற்றப்பட்ட அம்மாநிலத்தின் முதலாவது அரசியலமைப்பு, சட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிடப்பட வேண்டுமென விதித்திருந்தது. 1879இன் அரசியலமைப்பு அந்த உரிமையை அகற்றியது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிய மக்களின் தொகை சுமார் 6 கோடியே 20 இலட்சமாகும். இத்தகைய வேர்களைக் கொண்ட ஒரு மொழி பாட நேரசூசியில் அந்நிய மொழி என்ற தலைப்பின் கீழ் இடம்பெறுவதே வரலாற்றின் விசித்திரம் எனலாம்.

1998ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பில் 227ஆம் இலக்கப் பிரேரணை சுமார் 61 வீத வாக்குகளால் நிறைவேறியது. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்குத் தாய்மொழியின் துணையுடன் கற்பிக்கும் முறையை அது பெருமளவில் முடக்கியது. 2000இல் அரிசோனாவும் 2002இல் மசசூசெட்ஸும் இதே வழியைப் பின்பற்றின.

இதனை வெறுமனே இனத்துவேசத்தின் வெளிப்பாடு என ஒதுக்கிவிட முடியாது. 1996இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பாடசாலையொன்றில், தமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதிக்கப்பட வேண்டுமெனக் கோரிப் பகிஷ்கரிப்பில் ஈடுபட்டவர்கள் ஸ்பானிய மொழி பேசும் பெற்றோரே ஆவர். ஆங்கிலம் இன்றேல் தொழிலும் உயர்கல்வியும் இல்லை என்ற அவர்களது அச்சம் நியாயமானது. ஆனால், ஆங்கிலத்தைக் கொடுப்பதற்காகத் தாய்மொழியைப் பறிக்க வேண்டுமா என்பதே கேள்வி. அவ்வாறு பறிக்கத் தேவையில்லை என்பதை, கியூபாவிலிருந்து வந்த அகதிகளின் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இரு மொழிகளிலும் பயில்வதற்காக 1963இல் மியாமியில் ஆரம்பிக்கப்பட்ட கோரல் வே பாடசாலை முன்னரே உணர்த்தியிருந்தது.

கலிபோர்னியா மக்களும் காலந்தாழ்த்தியேனும் இதனை உணர்ந்தனர். இரு மொழிகளில் தேர்ச்சி பெற்று உயர்தரப் பாடசாலையிலிருந்து வெளியேறும் மாணவரின் சான்றிதழில் விசேட முத்திரை பொறிக்கும் சட்டம் 2011இல் அங்கு கொண்டுவரப்பட்டது. 2016இல் 58ஆம் இலக்கப் பிரேரணைக்குச் சுமார் 73 வீதமானோர் ஆதரவளித்து, 1998இன் கட்டுப்பாடுகளை நீக்கினர். எனினும், சட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். ஆசிரியரை ஒரே நாளில் உருவாக்க முடியாது. இருமொழி ஆசிரியர்களுக்கான தேவை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சுருங்கியிருந்தமையால், வகுப்புகளைத் திறக்க அனுமதி கிடைத்த பின்னரும் கற்பிப்பதற்கு ஆளில்லாத நிலை தோன்றியது.

இப்பாதிப்பு மிகக் கூர்மையாக வெளிப்படுவது இடைநிலை வகுப்புகளிலேயாகும். இருமொழிக் கல்வித் திட்டங்களில் கணிசமானவை ஆரம்பப் பிரிவுடன் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் ஸ்பானிய மொழி மாணவர் விரும்பித் தெரிவுசெய்யும் பாடமாகிறது. ஆங்கிலத்தில் பின்தங்கியவர் எனக் கணிக்கப்பட்ட மாணவருக்கு மேலதிக ஆங்கிலப் பாடம் விதிக்கப்படும்போது, பல பாடசாலைகளில் அந்தத் தெரிவுப் பாடத்துக்குரிய நேரமே பலியாகின்றது. அயல்வீட்டுப் பிள்ளை ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்கும் வேளையில், அம்மொழிக்குரிய பிள்ளை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. வகுப்பில் இடம் கிடைத்தாலும், வாய்மொழியாகச் சரளமாகப் பேசும் அப்பிள்ளைக்கு வேண்டியது எழுத்தும் இலக்கியமுமேயன்றி வணக்கம் கூறும் பயிற்சியல்ல. புலம்பெயர்ந்த குடும்பங்களில் மூன்றாந் தலைமுறையில் தாய்மொழி பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. பாட்டியுடன் பேச இயலாத பேரப்பிள்ளை, பின்னர் அதே மொழியை அந்நிய மொழியாகப் பாடப்புத்தகத்தில் தேடுகின்ற அவலத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்நிலையில் 2025ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி, ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஆங்கிலத்தை நாட்டின் உத்தியோகபூர்வ மொழியாகப் பிரகடனம் செய்யும் உத்தரவில் கையெழுத்திட்டார். சமஷ்டி மட்டத்தில் இவ்வாறு செய்யப்பட்டமை அதுவே முதற் தடவையாகும். அந்த உத்தரவு ஸ்பானிய மொழிப் பாடத்தைத் தடைசெய்யவில்லை என்பது உண்மையே. ஆனால், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விடுக்கும் செய்தி வேறானது. ஒரு மொழியைச் சட்டத்தால் உயர்த்தும்போது மற்றைய மொழியைப் பேசுவோரின் மனதில் என்ன விதைக்கப்படும் என்பதை, 1956ஐ மறவாத எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மேலதிக ஆங்கில வகுப்பு ஸ்பானிய வகுப்பின் நேரத்தை விழுங்காதவாறு நேரசூசி அமைக்கப்பட வேண்டும். வீட்டில் அம்மொழியைப் பேசுவோருக்கு வாசிப்பையும் எழுத்தையும் வளர்க்கும் தனியான கற்கைநெறி வேண்டும். ஆரம்பப் பிரிவில் தொடங்கிய இருமொழிக் கல்வி நடுவழியில் கைவிடப்படலாகாது. சில பாடசாலைகள் இவற்றை ஏற்கெனவே நடைமுறைப்படுத்தி வருவதால், இவை எட்டாக்கனிகள் அல்ல.

கற்றுக்கொண்டவரின் நாவில் பெருமையாக ஒலிக்கும் மொழி, அதனுடன் பிறந்தவரின் நாவில் குறையாக மாறிவிட முடியாது. ஸ்பானிய மொழியை மதிப்பதாகக் கூறும் பாடசாலைகள், அம்மொழியைத் தம்முடன் கொண்டுவரும் பிள்ளையை முதலில் மதிக்கட்டும்.