கோரிக்கை மனு: அரசியல் முதுகலைப் படிப்பில் கிராம சபையும் அரசாணையும்

பெறுநர்: அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
அனுப்புநர்: அரசியல் அறிவியல், பொது நிர்வாக முதுகலை மாணவர் சங்கம்.
பொருள்: களப்பயிற்சி, ஆவண அனுமதி, தமிழ் நூல்கள் கோருதல் – தொடர்பாக.

ஒரு திட்டம் ஏன் பிறந்தது, பணம் எங்கிருந்து வந்தது, கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பார்ப்பதே பொதுக் கொள்கைப் படிப்பு. தமிழ்நாட்டில் அதற்குப் பாடப்பொருள் பஞ்சமில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆட்சிகள் மாறியும் அறுந்துபோகாத கொள்கை இது. முதுகலை வகுப்பில் பிளேட்டோவுக்கும் மாக்ஸ் வெபருக்கும் உள்ள இடம் இதற்கு இல்லை. வெபர் இருக்கட்டும்; அவர் விளக்கிய அதிகார அமைப்பு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எப்படி இயங்குகிறது என்பதையும் மாணவர் பார்க்க வேண்டும்.

ஆகவே முதற் கோரிக்கை களப்பயிற்சி. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 10,000-ஐத் தாண்டினால் 300 பேர் வேண்டும். இந்தக் குறைவெண் விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து, பந்தலில் எத்தனை பேர், குடிநீரைப் பற்றிப் பெண்கள் எழுந்து கேட்டது தீர்மானப் புத்தகத்தில் எந்தச் சொற்களில் ஏறியது என்பதெல்லாம் நேரில் இருந்தால்தான் தெரியும். ஒரு பருவம் ஊராட்சி ஒன்றியத்தில் பயிற்சி பெறுவதை மதிப்பெண்ணுடன் கட்டாயமாக்க வேண்டும். பயணப்படி இல்லாமல் அறிவித்தால் அது ஏட்டோடு நின்றுவிடும்.

அடுத்தது ஆவணங்கள். எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளைப் பார்க்க, துறைத் தலைவரின் கடிதம் ஒன்றே போதும் என்று ஆணையிட வேண்டும். மானியக் கோரிக்கையோடு துறைகள் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலேயே வருகின்றன. அவற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பெரிய செலவு ஏதுமில்லை.

மூன்றாவது தமிழ் நூல்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியல் விருப்பப் பாடத்தைத் தமிழில் எழுதலாம். தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. அந்தச் சலுகைக்கு ஈடாக முதுகலைத் தரத்தில் பொதுக் கொள்கை நூல்கள் தமிழில் வரவில்லை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் இவற்றை எழுதுவித்து வெளியிட வேண்டும்.

அடுத்த கல்வியாண்டின் பாடத்திட்டக் குழுக்கள் கூடுமுன் இவற்றுக்கான ஆணைகளைப் பிறப்பிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.