வாயால சொல்ல முடியாத பீட்டை மௌஸால வரையாதீங்க

மயிலாப்பூர் ஃப்ளாட்டுல டிரம்ஸ் செட்டைப் போட்டு ரெக்கார்ட் பண்றதெல்லாம் நடக்கிற காரியமா? ரெண்டாவது அடியிலயே கீழ்வீட்டு மாமி காலிங்பெல் அடிச்சிடுவாங்க. ஸ்டுடியோ வாடகை, டிரம்மருக்குச் சம்பளம், ஏழெட்டு மைக்குன்னு போனா ஐ.டி. சம்பளமும் பத்தாது. பகல்ல பொட்டி தட்டிட்டு ராத்திரி பாட்டு போடற நமக்கு கம்ப்யூட்டர் டிரம்ஸ்தான் கதி. அதுல கேவலம் ஒண்ணும் இல்லைங்கறது என் கட்சி.

தமிழ் சினிமா இதை எப்பவோ ஏத்துக்கிச்சு. 1986-ல வந்த 'புன்னகை மன்னன்'லயே இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அவர் குழுவுல கீபோர்ட் வாசிச்ச திலீப், ஏ.ஆர்.ரஹ்மானா மாறி, கோடம்பாக்கத்துல வீட்டை ஒட்டிக் கட்டின ஸ்டுடியோவுல போட்ட 'ரோஜா' 1992-ல வந்துச்சு. ஆனா ஒண்ணு, மெஷின் ரிதத்தோட சிவமணி மாதிரி கலைஞர்களோட கையையும் சேர்த்துக்கிட்டவர் அவர்.

இன்னிக்கு இலவசமா கிடைக்கிற சாம்பிள்கள்கூட நிஜ டிரம்ஸை ரெக்கார்ட் பண்ணதுதான். அப்புறம் ஏன் நம்ம பாட்டு மட்டும் பொம்மை டிரம்ஸ் மாதிரி கேக்குது? எல்லா அடிக்கும் வெலாசிட்டி 127, எல்லாம் கிரிட்டுல நூல் பிடிச்ச மாதிரி! ரோஜர் லின் 1980-ல கொண்டுவந்த எல்எம்-1 மெஷின்லயே தாளத்தை லேசா ஆட விடற வசதி இருந்துச்சு. மெஷின் மேல பழி போடாதீங்க மக்களே.

இதுக்கு வழி நம்ம ஊர்லயே இருக்கு. மிருதங்கம் கத்துக்கற பசங்க சொல்கட்டை வாயால சொல்லிப் பழகுவாங்க. 'தகதிமி'ன்னு சொல்லும்போதே எங்க அழுத்தம், எங்க மெதுன்னு தெரிஞ்சிடும். உங்க பீட்டையும் அப்படிச் சொல்லிப் பாருங்க. வாய்க்கு வரலைன்னா அது பீட்டே இல்லை. வந்தா, மௌஸை விட்டுட்டு கீபோர்ட்ல விரலால தட்டி ஏத்துங்க. மெயின் ஸ்னேர் 110 கிட்ட, நடுவுல வர்ற மெது அடிகள் 30, 40. 120 டெம்போல பதினாறாம் நோட்டு ரெண்டுக்கு நடுவுல 125 மில்லிசெகண்ட். அதுல அஞ்சாறு முன்னபின்ன இருந்தாத்தான் உயிர்.

டிரம்மருக்கு ரெண்டு கைதான். ஸ்னேர், கிராஷ், ஹைஹாட் மூணையும் ஒரே நேரத்துல குச்சியால அடிக்க அவர் என்ன ராவணனா? :-) அப்புறம் மொத்த செட்டுக்கும் ஒரே ரூம் ரிவெர்ப் குடுங்க, எல்லாம் ஒரே அறையில வாசிச்ச மாதிரி சேர்ந்து வரும். மேல ஒரு கஞ்சிராவையோ ஷேக்கரையோ நிஜக் கையால வாசிச்சுச் சேருங்க. பாதிப் பொய் மறைஞ்சிடும்.

"அப்போ டிரம்மர் பொழப்பு?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். காசு வராத நம்ம பாட்டால யார் வேலையும் போகாது. ஆனா விளம்பரம், குறும்படம்னு காசு கைக்கு வந்தா, முதல்ல டிரம்மருக்கு ஒரு பங்கு ஒதுக்குங்க. அவங்க வாசிச்சதைக் கேட்டுத்தானே நாம இதெல்லாம் கத்துக்கறோம்?

கடைசியா ஒரு வேண்டுகோள். மார்கழி சீசன்ல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் எந்திரிச்சு கேன்டீனுக்கு ஓடாதீங்க. எந்த சாஃப்ட்வேரும் சொல்லித் தராத பாடம் அங்கதான் நடக்குது. வடை எங்கேயும் போயிடாது.