தட்டில் முளைத்ததை மறைக்க வேண்டாம்

கல்லூரிப் பிள்ளைகள் பாட்டிலோடு தோட்டத்துக்கு வந்தால் ஜனவரி பிறந்துவிட்டது என்று அர்த்தம். கடைசி வருஷம் மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி படிக்கிறவர்களுக்கு ஆறாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் உண்டு. "அண்ணா, பஞ்சகவ்யம் கொஞ்சம் வேணுங்க" என்பார்கள். ஊற்றிக் கொடுப்பேன். அதோடு சரி. அதில் என்ன இருந்தது என்று ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

போன வருஷம் நாலு பெண் பிள்ளைகள் ராசிபுரம் பஸ் பிடித்து வந்தார்கள். இந்தத் தடவை ஒரு நிபந்தனை போட்டேன். "தர்றேன் அம்மணி. ஆனா ரிசல்ட்டை எனக்கும் சொல்லிட்டுத்தான் போகணும்." சரி என்று தலையாட்டினார்கள். 40 நாள் ஆன பஞ்சகவ்யம் ஒரு பாட்டில், கலக்கி மூன்றாம் நாள் ஆன ஜீவாமிர்தம் ஒரு பாட்டில் எடுத்துப் போனார்கள்.

ஏப்ரலில் சொன்னபடி வந்தார்கள். பஞ்சகவ்யத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஜீவாமிர்தம் என்றதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "சொன்னா வருத்தப்படுவீங்களாண்ணா?" என்றது ஒரு பிள்ளை. "சொல்லு கண்ணு" என்றேன்.

அவர்கள் செய்தது இதுதான். ஒரு மில்லி கரைசலை ஒன்பது மில்லி சுத்தமான தண்ணீரில் கலக்கி, அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து மறுபடி ஒன்பதில் கலக்கி, இப்படியே பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டு, சாணத்துக் கிருமியைக் காட்டிக் கொடுக்கிற தட்டு. இ.கோலை முளைத்தால் அதில் வண்டு முதுகு மாதிரிப் பச்சையாக மினுங்கும். பஞ்சகவ்யத் தட்டில் அந்த மினுக்கம் இல்லை. ஜீவாமிர்தத் தட்டில் இருந்தது.

இ.கோலை எல்லாமே நோய் தருவதில்லை. மாட்டுக் குடலிலும் நம் குடலிலும் எப்போதும் இருப்பதுதான். ஆனால் அது உயிரோடு இருந்தால், சாணத்தில் வரக்கூடிய கெட்ட கிருமியும் கூடவே உயிரோடு இருக்கலாம். நானோ அதே ஜீவாமிர்தத்தை வடிகட்டிச் சிறுகீரை மேல் தெளித்துக்கொண்டிருந்தேன். 25 நாளில் பிடுங்குகிற பயிர். அந்தக் கீரை டவுனில் என்னை நம்பி வாங்குகிற வீடுகளுக்குப் போகிறது.

என் மனதில் முதலில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்கத்தான் வாய் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. இப்போது ஜீவாமிர்தம் விதைப்புக்கு முன் மண்ணுக்கு மட்டும்தான். கீரை இலையில் ஒரு சொட்டுப் படுவதில்லை. வாடிக்கையாளர்களிடமும் சொன்னேன். "நல்லா அலசித்தான் சமைக்கிறோம், இனிமேல் இன்னும் பார்த்துக்கிறோம்" என்றார்கள். யாரும் கீரையை நிறுத்தவில்லை.

"இதையெல்லாம் எழுதினா உரக் கம்பெனிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்" என்கிறார் பக்கத்துத் தோட்டத்து நண்பர். எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்கிற வரைக்கும், அதை முறையாக அடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லி விற்றவர்கள் உண்டு. ஆய்வு முடிவை மறைக்காதே என்று அவர்களிடம் கேட்ட நாம், நம் பேரலில் இருப்பதை மூடி வைக்கலாமா? அந்தப் பிள்ளைக்கு இருந்த நிதானம்கூட நமக்கு வேண்டும். "ஒரு பேரல்ல எடுத்ததை வச்சு எல்லா ஜீவாமிர்தமும் இப்படித்தான்னு சொல்ல முடியாதுங்கண்ணா" என்று அதுவே சொன்னது. அப்படியென்றால் இன்னும் பத்துத் தோட்டத்தில் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது?

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என நாலு மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. என் கண்ணில் பட்ட ப்ராஜெக்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கதை. ஏதோ ஒரு இலையை அரைத்துச் சாறெடுப்பது, காகித வில்லையில் நனைத்துத் தட்டில் வைப்பது, சுற்றிலும் கிருமி செத்த வட்டத்தை ஸ்கேலால் அளப்பது. பைண்டிங் செய்து கொடுத்தால் அலமாரிக்குப் போய்விடும். காசு கொடுத்து எழுதி வாங்குகிற பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பதில் தேவைப்படுகிற கேள்வியை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை.

நம்மிடம் கேள்வி நிறைய இருக்கிறது. 2020-ல் கேரளாவில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, நம் குச்சிக்கிழங்குக் காடுகளிலும் புகுந்து நுனியைச் சுருட்டியது. இதே பூச்சி ஆப்பிரிக்காவைப் படுத்தியபோது, 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்த ஒரு குட்டிக் குளவிதான் அங்கே கைகொடுத்தது. அனகைரஸ் லோபெசி என்று பெயர். அதை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அந்தக் குளவி இன்றைக்கு என் காட்டில் இருக்கிறதா? பூச்சி பிடித்த நுனிகளைக் கிள்ளி, பாட்டிலில் போட்டு, துணியால் வாய்கட்டி மூணு வாரம் வைத்து, எத்தனை குளவி வெளியே வருகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். ஒரு கைலென்ஸ் போதும். மருந்து அடித்த காட்டையும் அடிக்காத காட்டையும் ஒப்பிட்டால் ஒரு செமஸ்டருக்குச் சரியான வேலை. கிழங்கு விளைச்சலைக் கேட்டால்தான் பத்து மாசம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே மூன்று பேரிடம் கேட்கிறேன்.

பேராசிரியர்களே, தலைப்பை டிசம்பரில் தேடாதீர்கள். ஜூலையிலேயே ஒரு நாள் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டி வாருங்கள். முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி விவசாயியிடம் கொடுத்தால் அதற்கும் மார்க் போடுங்கள்.

பிள்ளைகளே, எதிர்பார்த்தது வராவிட்டால் எண்ணை மாற்றாதீர்கள். வந்ததை எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

நம் உழவர்களே, பாட்டிலை நிரப்பிக் கொடுக்கும்போது எத்தனை நாள் கரைசல், என்னென்ன போட்டது, நிழலில் இருந்ததா வெயிலில் இருந்ததா என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். முடிவு கைக்கு வந்ததும் நல்லதோ கெட்டதோ இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். முதல் முடிவு என்னுடையதாக இருக்கட்டும்.