மூன்றாவது துப்பாக்கி

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் மிகுந்த மனக் கலக்கத்துடன் நம்மைத் தேடி வந்தார். வீட்டில் யாருக்கேனும் தேக அசௌக்கியமோ என்று விசாரித்தோம். "மனிதர்கள் எல்லோரும் சௌக்கியம், துப்பாக்கிதான் ஒன்று அதிகமாகிவிட்டது" என்றார்.

விஷயம் இதுதான். நண்பருக்கு மலையடிவாரத்தில் தோட்டம் இருக்கிறது. காவலுக்கென்று ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியும், தற்காப்புக்கென்று ஒரு கைத்துப்பாக்கியும் நெடுநாளாக லைசென்ஸுடன் வைத்திருக்கிறார். அண்மையில் அவருடைய தகப்பனார் காலமானார். அவர் பெயரில் இருந்த பழைய வேட்டை ரைபிள் இப்போது வாரிசைத் தேடி வந்திருக்கிறது. பாட்டனார் 1930-ல் வாங்கியது, இங்கிலாந்தில் செய்த.375 ரகம். "அது நம் குலச் சொத்து, வீட்டை விட்டுப் போகக் கூடாது" என்கிறார் நண்பரின் தாயார். குழலைச் சிறிது குட்டையாக்கி, மரக்கட்டையை மாற்றி, மேலே ஒரு தொலைநோக்கியும் பொருத்திவிட்டால் புத்தம் புதிதாகிவிடும் என்கிறான் புதல்வன். நண்பரின் மனைவியோ, "விற்றுத் தொலையுங்கள்" என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

துப்பாக்கி விஷயத்தில் நமக்குள்ள அனுபவம் தீபாவளிப் பொட்டு வெடியோடு முடிந்துவிட்டது. ஆயினும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதற்குக் குறி பார்க்கத் தெரிய வேண்டியதில்லை அல்லவா?

முதலில் தாயாரின் கட்சியைப் பார்ப்போம். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1983-ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்லிற்று. 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை இரண்டாகக் குறைத்துவிட்டது. பாட்டன் சொத்து என்பதற்காக மூன்றாவதற்கு இடம் கிடையாது. யோசித்து முடிவு செய்யும் வரையில் பீரோவில் இருக்கட்டும் என்பதும் கூடாது. லைசென்ஸ்தாரர் காலமானால் ஆயுதத்தைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். நண்பர் அந்த மட்டில் ஜாக்கிரதையாகவே நடந்திருக்கிறார். இனி ரைபிளை வைத்துக்கொள்வதானால், மற்ற இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே மறைந்துபோன நாட்டில், காட்டெருமையை வீழ்த்தும் ரைபிளுக்காக உபயோகமுள்ள ஒன்றைக் கைவிடுவது விவேகமாகுமா?

புதல்வனின் யோசனை இன்னும் அபாயமானது. உத்தரவின்றிக் குழலைக் குட்டையாக்குவது சிறைவாசத்துக்குரிய குற்றம். மற்ற வேலைகளையும் அதற்கென்று லைசென்ஸ் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். தெருக்கோடிப் பட்டறையில் கொடுக்க முடியாது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் மேல்நாடுகளில் மிஞ்சிய சிப்பாய் ரைபிள்களைப் பலர் மலிவாக வாங்கி, அறுத்து, இழைத்து, வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். இன்று பழம்பொருள் சேகரிப்போர் தேடுவதோ கைபடாமல் தப்பிய ரைபிள்களைத்தான்! அதெல்லாம் போகட்டும். எத்தனை அலங்காரம் செய்தாலும் மூன்று இரண்டாகிவிடுமா?

மிஞ்சியது விற்பனை. ஜில்லா மாஜிஸ்டிரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, நாற்பத்தைந்து நாள் பொறுத்து, தகுந்த லைசென்ஸ் உள்ளவருக்குக் கொடுக்கலாம். நல்ல விலை வருமென்று கனவு காண வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சட்டம் சரி; மனம் கேட்கவில்லையே! எங்கள் குடும்பத்தின் வீரத்துக்கு அது ஒன்றுதானே சின்னம்?" என்று சொல்லி, நண்பர் மடித்து வைத்திருந்த பழைய லைசென்ஸ் காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் வெள்ளைக்காரக் கலெக்டரின் கையெழுத்து இருந்தது. வருஷம் 1930.

அந்த வருஷத்தைக் கண்டதும் நமக்கு வேறு ஞாபகங்கள் வந்தன. லிட்டன் பிரபு 1878-ல் இரண்டு சட்டங்கள் செய்தார். ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஜனங்களின் கையைக் கட்டியது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. வெள்ளைக்காரருக்கோ நெடுங்காலம் அந்தத் தொல்லை கிடையாது. துரைமார்களின் தயவைப் பெற்ற வீடுகளுக்கே லைசென்ஸ் எளிதில் கிடைத்தது. அதே 1930-ல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்றவர்கள், ஒரு பிடி உப்புக்காகத் தடியடியும் சிறைவாசமும் பெற்றார்கள். பாட்டனாரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதம் வீரத்துக்குக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அல்ல என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்த வருஷம் ஜனவரியில் காந்தி மகான் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டுமென்பதும் ஒன்று. 1931-ல் கராச்சி காங்கிரஸும் ஒழுங்குக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜைகளின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அஹிம்சா மூர்த்திக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். பிறர் பிடுங்கிக்கொண்டதை, "நானே துறந்தேன்" என்று ஒருவன் சொல்லிக்கொள்ள முடியாது. உரிமை உள்ளவன் விடுவதுதான் துறவு.

"பாட்டனார் அதைக் கேட்டு வாங்கினார். தாங்கள் சுதந்திர நாட்டின் பிரஜையாக, தாங்களே விரும்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டிலே எது பெருமை?" என்றோம்.

நண்பர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு காகிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டு போனார். மறுநாள் டெலிபோனில் செய்தி வந்தது: ரைபிளை விற்பதற்குத் தாயார் சம்மதித்துவிட்டாராம். பாட்டனார் ரைபிளுடன் நிற்கும் புகைப்படம் மட்டும் கூடத்திலேயே இருக்க வேண்டுமாம்.

"பேஷாக இருக்கட்டும், படத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்றோம்.

"படத்துக்குக் கீழே அந்தப் புலித்தோலும் தொங்குகிறது..." என்று நண்பர் இழுத்தார்.

புலித்தோலுக்கு உடைமைச் சான்றிதழ் வேண்டும் என்று மேற்படி 1972-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம்!