வெற்றிடமாம்! யாருக்கு?

கனடா நாட்டின் வடமேற்குக் கோடியில் யூக்கான் என்றோர் ஆட்சிப் பகுதி. அதன் வடகிழக்கே பீல் ஆறும் அதன் துணையாறுகளும் பாயும் 67,000 சதுர கிலோமீட்டர்க் காடும் மலையும். அந்தத் துணையாறுகளுள் ஒன்றான ஸ்னேக் ஆற்றின் பக்கத்தே, 1961ஆம் ஆண்டு இரும்புத்தாது கண்டறியப்பட்டது. கிரெஸ்ட் படிவு என்று பெயர். 500 கோடி டன்னுக்கும் மேலாம்! உலகையே பனி மூடியதாக அறிவியலார் கூறும், ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் கடலடியில் படிந்த செந்நிறத் தாது.

அது இன்றும் அங்கேயே கிடக்கிறது.

"ஐயகோ, செல்வம் வீணாகிறதே! மான் மேய்வதற்கா இத்தனை இரும்பு? பழங்குடியினர் பழமை பேசி முன்னேற்றத்தைத் தடுப்பதா?" என்று கேட்கின்றனர், பகுத்தறிவின் பெயரால். கேட்போருள் நம் தோழர் சிலரும் உண்டு என்பதால்தான் இதனை எழுதுகிறோம்.

பகுத்தறிவாளர் கணக்கைப் பார்க்க வேண்டாமா? படிவுக்குச் சாலையில்லை, இருப்புப்பாதையில்லை, துறைமுகமோ மலைத்தொடர்களுக்கு அப்பால். நிலத்தைத் திட்டமிடும் ஆணையம் பணி தொடங்கியது 2004இல். அதற்கு முந்தைய நாற்பத்து மூன்று ஆண்டுகளும் தாதைத் தடுத்தது யார்? மானா? பழங்குடியா? முதலாளியின் இலாபக் கணக்கல்லவா! தாமே ஒதுக்கிய பண்டத்துக்குப் பிறர்மீது பழி!

"யாருமற்ற வெற்றிடம்" என்கின்றனர். நாம் வகுப்பறையில் விரிக்கும் நிலப்படத்திலும் அவ்விடத்தில் ஊர்ப்பெயர் இல்லை. பெயரில்லாத இடத்தில் ஆளுமில்லை என்று மாணவர் எண்ணுகின்றனர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அங்கு தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் நாச்சோ ந்யாக் டன், ட்ரொண்டெக் ஹ்வெச்சின், க்விச்சின் மக்கள். அவர்கள் கற்பனையா?

1993இல் யூக்கான் பழங்குடியினர், கனடா அரசு, யூக்கான் அரசு மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன் வழிவந்த உடன்படிக்கைகளால், பழங்குடியினர் தம் முன்னோர் நிலத்தின் பெரும்பகுதிமீது இருந்த உரிமையை விட்டுக்கொடுத்தனர். ஈடாகப் பெற்றது, அந்நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் ஒரு பங்கு. கொடுத்தது மலையளவு, பெற்றது ஒரு வாக்குறுதி! ஆணையம் ஏழாண்டு உழைத்து, பீல் பகுதியில் 80 விழுக்காட்டைக் காக்கவேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. யூக்கான் அரசினர் செய்தது என்ன? 2014இல் தாமே ஒரு திட்டம் தீட்டி, 71 விழுக்காட்டைச் சுரங்கத்தார்க்குத் திறந்துவிட்டனர். இதுவா முறை? இதுவா முன்னேற்றம்?

பழங்குடியினர் வில்லெடுக்கவில்லை, சட்டத்தை எடுத்தனர். 2017 டிசம்பர் 1 அன்று கனடா உச்சநீதிமன்றம் அரசினரின் திட்டத்தைச் செல்லாதென்றது. 2019இல் 83 விழுக்காட்டுக்குக் காப்பளிக்கும் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆயினும், நிலையான காப்பு 55 விழுக்காட்டுக்கே. 28 விழுக்காடு இடைக்காலக் காப்பில்தான் இருக்கிறது. மறு ஆய்வுக்கு உட்பட்டது. அன்று "வெற்றிடம்" என்னும் சொல் மீண்டும் அவையேறும். சொல்வோர் முதலில் பீல் ஆற்றின் கீழ்க்கரையில், ஃபோர்ட் மெக்ஃபெர்சன் ஊரில், வலையை விரிக்கும் க்விச்சின் மக்களிடம் கேட்டுவிட்டு வரட்டும்.