பழைய வழங்கிகளும் புதிய முகிலும்

முகில் எனும் சொல் பலரை மயக்கியிருக்கின்றது. தம் கணக்கேடுகளும் கோப்புகளும் வானில் எங்கோ மிதக்கும் ஒன்றனுட் சென்று தங்கிவிட்டனவென்று கற்றவரும் கருதுகின்றனர். பிணையத்தை வரைந்து காட்டிய பொறியாளர்கள், தம் எல்லைக்கு அப்பாற்பட்ட பகுதியை விரித்தெழுத வேண்டாவென்று சுழித்துவிட்ட கோட்டினின்று பிறந்த பெயரது, அவ்வளவே. முகில் என்பதும் தரைமேல் நிற்கும் ஒரு கட்டடந்தான். அதனுள் இருப்பவையும் இரும்புச் சட்டங்களில் அடுக்கிய கணிப்பொறிகளே. அவை எவருடைய கட்டடத்தில் நிற்கின்றன, எவருடைய சொல்லுக்கு இயங்குகின்றன என்பதொன்றே கேட்கத்தக்க வினா.

கல்லூரியோ மருத்துவமனையோ அரசு அலுவலகமோ, எதுவாயினும், அங்கே வழங்கிகள் முன்பே உண்டு. சில, இரும்பும் கம்பியுமாய்க் கண்முன் நிற்பவை. சில, ஒரு பொறியினுள்ளேயே மென்பொருளால் வகுக்கப்பட்டுத் தனித்தனிப் பொறிகள்போல் இயங்கும் மெய்ந்நிகர் வழங்கிகள். இவற்றையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டுத் திங்கள்தோறும் குடிக்கூலி கொடுத்து எம்மிடம் வாருங்கள் என்று முகில் விற்போர் அழைக்கின்றனர். வீடிருப்பவன் அதை இடித்துவிட்டுத்தான் விளக்கேற்ற வேண்டுமா? முகிலை முகிலாக்குவது ஒரு மென்பொருளே. அதனைத் தம் பொறிகளின்மேலேயே நிறுவிக்கொள்ள இயலும்.

பிறர் மென்பொருளை மட்டும் நம்பியிருந்தவர் பட்டபாடு அண்மைய வரலாறு. மெய்ந்நிகர் வழங்கிகளை ஆள்வதற்கு உலகெங்கும் பரவியிருந்தது, 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருள். ஏறத்தாழ 6,100 கோடி தாலருக்கு அதனை வாங்கப்போவதாக பிராடுகாம் நிறுவனம் 2022 மே திங்களில் அறிவித்தது. 2023 நவம்பரில் வாங்கியும் முடித்தது. அடுத்த திங்களே, ஒருமுறை விலைகொடுத்து என்றும் பயன்படுத்தும் நிலையான உரிமத்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. காலவரையறைக்குட்பட்ட கட்டணமே இனி என்றாயிற்று. பொறி தம்முடையது, இடம் தம்முடையது, மின்கட்டணமும் தம்முடையது. ஆயினும் ஆளும் உரிமை மட்டும் பிறர் கையில்! இந்நிலையைக் கண்ட பின்னரே பலர் மாற்றுவழி தேடத் தொடங்கினர்.

மாற்றுவழியோ பல்லாண்டுகளாகத் திறந்தே கிடந்தது. அமெரிக்க வானாய்வு நிறுவனமாகிய நாசாவும் இராக்சுபேசு நிறுவனமும் 2010இல் கூடித் தொடங்கிய ஓப்பன்சுடாக்கு என்பதே அது. மூலநிரல் எவர்க்கும் பொது, உரிமக் கட்டணமில்லை. 2007இல் லினக்சின் கருவோடு இணைந்த கே.வி.எம். என்பதனை அடியாகக் கொண்டு அதன் மெய்ந்நிகர் வழங்கிகள் பெரும்பாலும் இயங்குகின்றன. செனீவாவுக்கு அருகில் அணுத்துகளை ஆராயும் செர்ன் ஆய்வகம் 2013இல் இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது; பின்னர் 3,00,000க்கு மேற்பட்ட செயலிக் கருக்களை இதன்வழியே ஆண்டது. இவ்வளவு பெரிய ஆய்வகத்துக்குப் போதுமானது பிறர்க்குப் போதாது என்பார் கரணியம் காட்டவேண்டும்.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டப்படுவது. புதுப்பொறியை இம்மென்பொருளிடம் ஒப்படைப்பது எளிது. முன்பே ஓடிக்கொண்டிருக்கும் பொறியை ஒப்படைப்பதுதான் அரிது. இரும்புப் பொறிகளை ஆளும் அதன் உறுப்புக்கு அயர்னிக்கு என்று பெயர். தாய்ப்பலகையில் அமைந்த சிறு கட்டுப்பாட்டுச் சில்லின் வழியாகத் தொலைவிலிருந்தே பொறியை ஏற்றவும் அணைக்கவும் அது வல்லது. புதிதாய்ச் சேரும் பொறியைப் பொதுப்பயனுக்கு விடுமுன் அதன் வட்டைத் துடைத்துத் தூய்மை செய்வது அதன் இயல்பான நடைமுறை. முன்னவர் விட்டுச்சென்றது பின்னவர் கண்ணிற் படலாகாது என்பதே அதன் நோக்கம், குறைகூறுதற்கில்லை. ஆனால், பத்தாண்டு மாணவர் பதிவேடு இருக்கும் வழங்கியையும் அறியாதார் ஒருவர் அவ்வழியே செலுத்திவிடின், பதிவேடு பாழ். இதற்கென்றே 2016இல் தனிவழி ஒன்று அமைக்கப்பட்டது. ஓடும் பொறியை ஓடுகின்றவாறே ஏற்றுக்கொள்ளும் வழியது. பிள்ளையை மகவேற்பது போன்றது. வட்டைத் தொடாது, இயங்குதளத்தை மாற்றாது, பொறி பயனிலிருப்பதாக ஏட்டில் மட்டும் எழுதிக்கொள்ளும். செர்ன் ஆய்வகத்தாரும் தம் பழைய பொறிகளை இம்முறையில் உட்கொணர்ந்துள்ளனர். இதிலும் ஒன்று மறக்கலாகாது: ஏற்ற பொறியைப் பின்னொருநாள் விடுவிக்கும்போது, முன்சொன்ன துடைப்பு வந்தே தீரும்.

மெய்ந்நிகர் வழங்கிக்கோ இத்தகைய மகவேற்பு இல்லை. அதன் வட்டை முழுப்படி எடுத்து, வடிவம் மாற்றி, புதிய இடத்தில் மீண்டும் எழுப்பவேண்டும். வடிவ மாற்றத்துக்கும், புதிய சூழலுக்குரிய இயக்கிகளை உள்ளே சேர்ப்பதற்கும் கட்டணமில்லாக் கருவிகளே உள்ளன. விண்டோசு ஓடும் வழங்கியாயின் அவ்வியக்கிகளின்றிக் கண்விழியாது. மாற்றும் பொழுதில் சிறிது நேரம் பணி நின்றே ஆகும். நில்லாமலே செய்து தருவோமென்று எவரேனும் உறுதி கூறின், அவ்வுறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது நன்று.

கட்டணமில்லை என்பதால் செலவே இல்லை என்றாகாது. ஓப்பன்சுடாக்கு ஆறு திங்களுக்கொரு பதிப்பு வெளியிடுவது. 2023 முதல், இடையிலுள்ள ஒன்றை விடுத்து ஆண்டுக்கொருமுறை மேம்படுத்தும் ஏந்து வந்துள்ளது. ஆயினும் அதற்கும் பயின்ற ஆள் வேண்டும். உரிமத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் தம் இளைஞர் இருவரைப் பயிற்றுவதற்குச் செலவிட மனமில்லாத நிறுவனம் இதனைத் தொடாதிருப்பதே நல்லது. இரண்டே வழங்கிகள் வைத்திருக்கும் பள்ளிக்கு இத்துணைப் பெரிய அமைப்பு தேவையுமில்லை. ஆத்திரிய நாட்டினின்று வரும் பிராக்சுமாக்சு போன்ற சிறிய பொதுமென்பொருள் அதற்குப் போதும்.

தொடங்க விழைவோர் முதலில் எழுதவேண்டியது ஒரு பட்டியல்: எந்தப் பொறி, எந்த அறை, எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்புகள், அவற்றின் மறுபடி எங்கே. எத்தனையோ அலுவலகங்களில் இப்பட்டியலே இல்லை என்பது வெட்கத்துக்குரியது. பட்டியல் முடிந்தபின், அடுத்த ஆண்டு கழிக்கவிருக்கும் ஒரு பழம்பொறியை முதலில் ஏற்றுப் பார்க்கலாம்; மாணவர் பதிவேட்டுப் பொறி கடைசியில் வரட்டும்.